வண்ணம் நீங்கக் கல் விளங்கும்



வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து தொழில் நாடி வந்து அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாழும் நம்மவர், பிறந்த ஊர் ஜிநாலயத்தை மறப்பதில்லை. திருப்பணி என்றதும் மனமுவந்து பொருள் அளிக்கின்றனர். ஆனால், சில ஊர்களில் அப்பொருள் எனாமல் பெயிண்டாகிக் கற்றூண்களின்மேல் ஏறிவிடுகிறது. அது உரியத் தொடங்கியதும், ‘மேலே இன்னொரு பூச்சுப் பூசுவதா, பழையதை நீக்குவதா?’ என்னும் வினா எழுகிறது. விடை நம் தத்துவத்திலேயே உள்ளது.

உயிரின் இயல்பு தூய அறிவும் காட்சியும் ஆகும். வினையணுக்கள் அதனிடம் வந்து சேர்தல் ஊற்று. பற்றி நிற்றல் கட்டு. உயிரின் எண்ண நிலைகளைக் கருமை முதல் வெண்மை ஈறாக ஆறு இலேசியைகள் என நம் ஆகமங்கள் வகுத்தன. வெண்மை உயர்ந்ததே, எனினும் சித்த பரமேட்டிகளுக்கு அதுவும் இல்லை. அழகிய நிறமாயினும் பூச்சு பூச்சே. அது பொருளின் இயல்பு ஆகாது.

எனாமல் பூச்சு கல்லின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. உட்புகுந்த ஈரம் வெளியேற வழியின்றித் தங்குகிறது. ஈரத்தோடு வந்த உப்பு பூச்சின் அடியில் படிகமாகி, கல்லின் மேற்பரப்பையே பொரித்து உதிர்க்கிறது. காப்பதாக எண்ணிச் செய்தது கேடாய் முடிகிறது.

வெயிலிலும் மழையிலும் பூச்சு தானே உரிவது, காலம் முதிர்ந்து வினை தானே உதிர்வதைப் போன்றது. உடனே புதிய பூச்சு ஏறுமாயின் பயன் யாது? முதலில் செறிப்பு வேண்டும்; அதாவது, புதிய பூச்சை நிறுத்த வேண்டும். பின்னரே முயன்று செய்யும் உதிர்ப்பு பயன் தரும்.

அம்முயற்சியிலும் அகிம்சை வேண்டும். மணலை வேகமாகப் பீய்ச்சினால் பூச்சோடு உளித்தடமும் கல்வெட்டெழுத்தும் அழியும். அத்தூசு தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கும். அமிலமும் தீயும் இரும்புச் சுரண்டியும் ஆகா. வண்ணப்பூச்சில் ஈயம் 90 பி.பி.எம். அளவை மீறலாகாது என்னும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆதலின் பழைய பூச்சில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். உலரத் தேய்த்தல் தீது. பழகிய வல்லுநரைக் கொண்டு, மறைவான ஒரு சிறு பகுதியில் முதலில் சோதித்து, ஈரப்படுத்தி, மெல்லிய தூரிகையால் சிறிது சிறிதாக நீக்குக. இடுக்குகளில் வாழும் சிற்றுயிர்களை முன்னரே மயிற்பீலியால் அகற்றி இடம் கொடுக்க. உயிர்கள் பெருகும் மழைக்காலத்தைத் தவிர்க்க.

விவேகமும் வேண்டும். பூந்தமல்லிச் சாலை வழியே காஞ்சி செல்வோர் திருப்பருத்திக்குன்றத்தில் சங்கீத மண்டபத்தைக் காணலாம். அமைச்சர் இருகப்பர் 1387இல் எழுப்பியது அது. அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறு ஓவியமாய்த் திகழ்கிறது. அது நீக்கத்தக்க பூச்சன்று. முன்னோர் விட்டுச்சென்ற செல்வம். தஞ்சைப் பெரியகோயிலில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருந்தமை 1931இல்தான் வெளிப்பட்டது. எனவே, அடியில் யாதுளது என்று அறியாமல் எதனையும் சுரண்டலாகாது. நற்காட்சியும் நல்லறிவும் முன்னிற்க, நல்லொழுக்கம் செயலாதல் வேண்டும்.

ஆகவே, அடுத்த திருப்பணிக்குப் பொருள் அளிக்கும்போது, ‘எந்த நிறம் பூசப் போகிறீர்கள்?’ என்று கேட்பதை விடுத்து, ‘கல்லைக் கல்லாகவே வைப்பீர்களா?’ என்று கேளுங்கள். அக்கேள்வியை நம் உள்ளத்தை நோக்கியும் கேட்போமாக. புதிய பற்றை நிறுத்திப் பழைய வினையைப் பொறுமையுடன் உதிர்ப்போர்க்கு வீடு தொலைவில் இல்லை.

அறம் வளர்க! பல்லுயிரும் இன்புறுக!