மடக்கையைக் கண்டு மடங்காதே!

பி.எச். கணக்கு வந்தால் அந்தக் கேள்வியையே விட்டுவிடுவேன் என்கிற பிள்ளையே, நிமிர்ந்து உட்கார்! எதைக் கண்டு இந்த ஓட்டம்?

நீ அஞ்சி ஓடும் பாடத்துக்கு அடித்தளம் போட்டவரே குறைந்த தரம் வாங்கியவர்தான். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் 1884இல் சுவாந்தே அர்ரீனியஸ் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தார். கரைசலில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்பது பொருள். பேராசிரியர்களுக்கு ஒப்பவில்லை, தாழ்ந்த தரம் போட்டார்கள். சுருண்டு படுத்தாரா? அதே ஏட்டை ஐரோப்பாவின் பெரிய வேதியியலாளர்களுக்கு அனுப்பினார். அவர்களில் ஒருவரான ஆஸ்வால்ட், ரீகாவிலிருந்து அவரைத் தேடி உப்சாலாவுக்கே வந்துவிட்டார். அந்த ஏட்டில் முளைத்த கொள்கைக்குத்தான் 1903இல் நோபல் பரிசு!

தண்ணீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம், ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம். இது அர்ரீனியஸ் சொன்னது. அந்த ஹைட்ரஜன் அயனிகளின் செறிவை எளிதாகச் சொல்ல 1909இல் கோபன்ஹேகனில் வேதியியலாளர் சோரன்சென் கொண்டுவந்ததே பி.எச். அளவுகோல். (அவர் வேலை பார்த்தது கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில்!)

25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் தூய நீரில் 0.0000001 மோல் ஹைட்ரஜன் அயனி. இத்தனை சுழியங்களை யார் எழுதுவது? பத்தின் அடுக்கில் எழுதினால் அடுக்கு −7. அந்த அடுக்குதான் மடக்கை. கழித்தல் குறியைத் தூக்கி எறி: 7, அதுதான் பி.எச். இவ்வளவுதானப்பா மடக்கை! உன்னை மிரட்ட வந்ததில்லை, உன் கைவலியைக் குறைக்க வந்தது.

பி.எச். ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். உன் ரத்தம் 7.35க்கும் 7.45க்கும் நடுவே நிற்கிறது. அதை அங்கேயே நிறுத்தி வைக்க நுரையீரலும் சிறுநீரகமும் ஓயாமல் உழைக்கின்றன. அதே உடம்பில், இரைப்பையில் 2ஐ ஒட்டிய அமிலம். ரத்தத்தைப்போல ஏறக்குறைய இரண்டரை லட்சம் மடங்கு! நீ போட மறுக்கும் கணக்கை உன் உடம்பு இந்த நொடியிலும் போட்டுக்கொண்டிருக்கிறது.

ஆய்வகம் இல்லையென்று சாக்குச் சொல்லாதே. மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் சிவக்கிறதே, காரம் தன் முகத்தைக் காட்டுகிறது. வேலியில் பூத்த நீலச் சங்குப்பூவை வெந்நீரில் போட்டு, எலுமிச்சை பிழி. நீலம் ஊதாவாகும்.

இப்போது பேனாவை எடு. பி.எச். 3 உள்ள கரைசல், 6 உள்ளதைவிட எத்தனை மடங்கு அமிலம்? மூன்று படி. பத்தைப் பத்தால் பெருக்கு, இன்னொரு பத்தால் பெருக்கு. எழுது!