வினையைப் புசிப்பவர் யார்?

வினை ஜடமாதலால் அது தானே தன் கர்த்தாவைத் தேடிச் சென்று பலனை ஊட்டமாட்டாது என்றும், செய்தவனிடம் அதைக் கொண்டு சேர்க்க இறைவன் வேண்டும் என்றும் சைவ சித்தாந்திகள் வாதிப்பர். இளமையில் ஐயமின்றி இதை ஏற்ற நான், கலிபோர்னியாவில் பாலோஸ் வெர்டெஸ் முனையை அடுத்த கடலடிச் சேற்றின் சரித்திரத்தை அறிந்தபின், அந்த வாதத்தை மறுபடியும் எடுத்துச் சிந்திக்கலானேன்.

லாஸ் ஏஞ்சலிஸை அடுத்த ஒரு தொழிற்சாலை 1947 முதல் டி.டி.டி. செய்து, அதன் கழிவைச் சாக்கடை வழியே பல ஆண்டுகள் சமுத்திரத்தில் விட, அது அந்த முனையருகே கடலடிச் சேற்றில் படிந்தது. மலேரியாவிலிருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்த பூச்சிமருந்துதான் டி.டி.டி. அதன் ஆற்றலைக் கண்ட பால் முல்லருக்கு 1948இல் நோபெல் பரிசும் கிடைத்தது. ஆயினும் அது டி.டி.இ. எனத் திரிந்து, மீனில் ஏறி, மீனைத் தின்ற கூழைக்கடாக்களின் முட்டையோட்டை மெலியச் செய்தமையால், 1970இல் கலிபோர்னியாக் கரையை அடுத்த அனகாப்பாத் தீவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட கூடுகளிலிருந்து ஒரே ஒரு குஞ்சுதான் பிழைத்தது. ஜடமான வினை, வழியில் அகப்பட்டவரைப் பற்றிக்கொண்டது.

டி.டி.இ. அழியவே அழியாது என்று பலரும் எண்ணியிருக்க, மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் அந்தச் சேற்றையே கொணர்ந்து, பிராணவாயு புகாமல் வைத்துச் சோதித்து, அதிலுள்ள நுண்ணுயிர்கள் டி.டி.இ.யின் நான்கு குளோரின் அணுக்களில் ஒன்றைக் கழற்றி ஹைட்ரஜனை அமர்த்துகின்றன என்று 1998இல் நிரூபித்தனர். பிராணவாயு இல்லாத இருளில் வாழும் சில நுண்ணுயிர்களுக்கு, நாம் பிராணவாயுவிடம் ஒப்படைக்கும் எலெக்ட்ரான்களை இத்தகைய குளோரின் பொருள்களே ஏற்றுக்கொள்கின்றன. பறவைக்கு நஞ்சாகும் இனத்துப் பொருள் அவற்றுக்கு மூச்சாகிறது. இதை எண்ணும்தோறும் என் உள்ளம் உருகுகிறது.

இதனையே நம் பாவத்துக்குப் பிராயச்சித்தம் என்று சொல்லும் அன்பர்களுடன் நான் உடன்படேன். பிராயச்சித்தத்துக்குச் செய்தவனுடைய பச்சாத்தாபம் வேண்டும். அந்த நுண்ணுயிரோ தன் ஜீவனத்தை நடத்துகிறது, அவ்வளவே. சித்தாந்திகள் கூறிய இறைவன் வினையைக் கர்த்தாவிடம் சேர்க்கும் வழிகளுள், செய்ததை அறியச் செய்யும் அறிவும் ஒன்று என்றே நான் நம்புகிறேன். ஆழத்திலிருந்து அந்தச் சேற்றை ஒருவர் மேலே கொணர்ந்த அன்றே வினை நம் வாசலுக்குத் திரும்பிவிட்டது. அணு ஒன்று கழன்றபின் எஞ்சும் பொருளில் இன்னும் மூன்று குளோரின் அணுக்கள் இருக்கின்றன.