களைப்பு யாருக்குச் சொந்தம்?

களைப்பு என்பது உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் நினைக்கிறோம். அது அதிகாரம் சம்பந்தப்பட்டதும்தான். யார் களைத்தால் களைப்பு, யார் களைத்தால் சோம்பேறித்தனம் என்பதை உழைத்தவன் முடிவு செய்வதில்லை. உழைப்பை வாங்குகிறவன் முடிவு செய்கிறான்.

தமிழில் இதற்கு வார்த்தைப் பஞ்சமில்லை. நடந்து வந்தவனுக்குக் களைப்பு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அலுப்பு. கண் சொருகினால் அசதி. நம்பிக்கை போனால் சோர்வு. இளைப்பு என்ற சொல்லுக்கோ மூணு அர்த்தம்: களைத்துப் போவது, மெலிந்து போவது, மூச்சு வாங்குவது. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் மூணையும் ஒரே உடம்பில் பார்க்கலாம். நிலக்கரித் தூசையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் சுவாசித்துக்கொண்டு கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்வருகிறவரிடம் "உனக்கு எந்த இளைப்பு?" என்று கேட்டால் என்ன சொல்லுவார்?

இத்தனை சொல் இருந்தும் நம்ம அறநூல் என்ன செய்தது? திருக்குறளில் மடியின்மைக்கு ஓர் அதிகாரம் உண்டு. களைப்புக்கு இல்லை. சோம்பலைக் கண்டித்த அறம் களைப்பைக் கண்டுக்கவே இல்லை.

பட்டாளத்தில் 'ஃபடீக்' என்று ஒன்று உண்டு. துப்பாக்கியை வைத்துவிட்டு மண்வெட்டியும் துடைப்பமும் எடுக்கிற வேலை. அங்கே வேலைக்கே களைப்பு என்று பேர். ஆனால் சிப்பாய்க்கு அது சில மணி நேரம். சேரியில் பிறந்தவனுக்கு அதுவே பரம்பரை. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரிப்பது என்று அம்பேத்கர் 1936-இல் சொன்னார். களைப்பையும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இரும்பும் களைக்கும். 1842-இல் பிரான்சில் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். தாங்கக்கூடிய பாரம்தான், ஆனால் திரும்பத் திரும்ப ஏறினால் உள்ளே விரிசல் ஓடும். வோலர் என்ற ஜெர்மன் ரயில்வே எஞ்சினியர் இதைப் பல வருஷம் சோதித்தார். எந்த அளவுக்குக் கீழே பாரம் வைத்தால் எஃகு நெடுங்காலம் தாங்கும் என்று கணக்குப் போட்டார். இன்றைக்குத் துறைமுகத்துக் கிரேனையும் கொக்கியையும் காலம் தவறாமல் சோதித்துச் சான்று வாங்கவேண்டும் என்பது விதி. இரும்பு விரிசல் விட்டால் யாரும் அதைச் சோம்பேறி என்று திட்டுவதில்லை.

மனுசனுக்குக் கணக்கு? வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலையை 48 ஆக்கியது 1946-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம். அப்போது தொழிலாளர் துறை அம்பேத்கர் கையில். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதால் வாபஸ் ஆனது. கணக்கு எப்போது வேண்டுமானாலும் திருத்தப்படும் என்பதற்கு இதுவே சாட்சி.

அந்தக் கணக்குக்குள்ளும் வராதவர்கள் இருக்கிறார்கள். கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் இருளர் பெண்கள் தண்ணிக்குள் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட வாயில் பறியைக் கவ்வியிருப்பார்கள். "களைப்பா இருக்கு" என்று சொல்ல வாய் ஏது?

இரும்புக்கு ஓய்வு கொடுத்தால் விரிசல் கூடாது. மனுச உடம்புக்குக் கொடுத்தால் கூடும். ஆற்றக்கூடிய ஒன்றை ஆறவிடாமல் வைத்திருப்பதுதான் குற்றம். ஆகவே "நான் களைத்திருக்கிறேன்" என்பது புலம்பல் இல்லை, கடன்பட்டவனிடம் காட்டுகிற கணக்கு. அதைக் கூசாமல் சொல்லப் பழகணும்.