தீர விசாரியுங்கள்!

தீயவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. எந்தச் சமூகத்தாரையும் பரிகசிக்கலாகாது என்று 11ஆம் வசனமும், மேன்மை இறையச்சத்தாலேயே என்று 13ஆம் வசனமும் அதே அத்தியாயத்தில் வருவதைச் சிந்தித்தோமா?

அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் நிறவெறியால் துன்புற்றவர். வெள்ளையர் அனைவரும் ஷைத்தான்களே என்று நம்பினார்; பிறருக்கும் போதித்தார். 1964இல் ஹஜ்ஜுக்குச் சென்றார். வெண்ணிற முஸ்லிம்களுடன் ஒரே தட்டில் உண்டார். கண்டதைக் கொண்டு கற்றதைச் சோதித்தார். தம் கருத்து மாறியதை வெளிப்படையாக எழுதினார்.

நாமோ, "அந்த ஊரார் இப்படி, அந்தக் கூட்டத்தார் அப்படி" என்று கேட்டதையெல்லாம் விசாரியாமல் பிள்ளைகளுக்கும் சொல்லி வருகிறோம். ஒருவர் செய்த பிழையை ஊரார் அனைவர் மீதும் சுமத்துவது நீதியாகுமா? நா எழுமுன் நம்மையே விசாரிப்போம்.

அல்லாஹ் நமக்கு நல்லறிவைத் தந்தருள்வானாக! ஆமீன்.