யார் செய்த வினை?

"போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணேனோ, நர்சம்மா."

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக நான் வேலை பார்த்த காலம் முழுக்க இந்தப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தது. காலில் புண் ஆறாத சுகர்க்காரர் சொன்னார். எடை ஏறாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் சொன்னாள். முதுகெலும்பு மூடாமல் பிறந்த பேரனைப் பார்த்துவிட்டு ஒரு மாமியார் சொன்னது இன்னும் கொடுமை: "எல்லாம் அவ கொண்டாந்த வினை."

எங்கள் குடும்பம் வள்ளலார் வழியில் நிற்கும் குடும்பம். தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஏழு திரை விலகி ஜோதி பார்த்து வருவது எங்களுக்கு ஆண்டு வழக்கம். வினை என்பது இல்லை என்று சொல்லக்கூடியவள் நான் அல்ல. ஆனால் ரத்த சோகை, மாலைக்கண், கழுத்துக் கழலை, சர்க்கரை நோய் என்று சாப்பாட்டோடும் சத்தோடும் பிணைந்த நோய்களைப் பார்த்து "அது அவரவர் வினை" என்று கைகட்டி நிற்பது சமயத்துக்கு ஏற்றதா? ஏற்றதென்றால், வெயிலில் வீடுவீடாக நான் சுமந்துபோன மாத்திரைப் பை இறைவன் தீர்ப்புக்கு எதிரான வேலையாகிவிடும். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அந்த வேலையை மனசாரச் செய்ய என்னால் முடிந்திருக்காது.

பதில் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருந்தது. 1867 மே 23ஆம் தேதி வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. இதே கேள்வியை அவர் தமது 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' நூலில் எடுத்துக்கொள்கிறார். முன்வினையால், கடவுள் ஆணையால் ஒருவர் பசித்திருக்கிறார் என்றால், அவருக்குச் சோறு போடுவது அந்த ஆணையை மீறுவதாகாதா? ஆகாது என்கிறார் வள்ளலார். பெருங்குற்றம் செய்து சிறையில் கிடப்பவனுக்கும் அரசன் தன் ஆட்களைக் கொண்டு உணவு கொடுக்கிறான். தண்டனை வேறு, பட்டினி வேறு என்பது அவர் வாதம். வினை இருக்கலாம், ஆனால் அடுத்தவர் வினையைக் காரணம் காட்டி என் கடமையிலிருந்து நான் நழுவ முடியாது. என் அளவில் இதைவிடத் தெளிவான தத்துவம் வேறில்லை.

அவர் காலத்துப் பசி கண்ணுக்குத் தெரிந்தது. அவர் மறைந்த சில ஆண்டுகளிலேயே, 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொண்டுபோனது. இன்றைய பசி அப்படித் தெரிவதில்லை. வயிறு நிறைந்திருக்கும், உடம்பு பட்டினி கிடக்கும்.

ஒரு பெண்ணைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். முந்திரி உடைக்கும் வேலை. விரல்களில் முந்திரிப்பால் பட்டுக் கறுத்த தழும்புகள். ஐந்து மாதக் கர்ப்பம். துணை சுகாதார நிலையத்தில் அவள் விரல் நுனியில் ஊசி குத்தி, ரத்தத்தைப் பிப்பெட்டில் உறிஞ்சி, ஹீமோகுளோபின் அளக்கும் சாலி குழாயில் இருந்த அமிலத்தில் விட்டேன். பத்து நிமிடம் பொறுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியோடு நிறம் ஒத்துவரும் இடத்தில் நிறுத்திவிட்டு அளவைப் படிக்க வேண்டும். கர்ப்பிணிக்கு 11 கிராம் இருக்க வேண்டும். 7க்குக் கீழே போனால் கடுமையான சோகை. அவளுக்கு சில சொட்டுகளிலேயே நிறம் வெளுத்துவிட்டது. 6.8.

"சாப்பிடறியா கண்ணு?" என்றேன். "மூணு வேளையும் சாப்பிடறேன், நர்சம்மா" என்றாள். பொய்யில்லை. ஆனால் வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு அவள் சாப்பிடுவாள். சோறு, ரசம், மீந்திருந்தால் ஒரு கரண்டி குழம்பு. சாப்பிட்ட கையோடு டீ. டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் சாப்பாட்டில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பில் ஒட்டவிடாது. நான் கொடுத்த சத்து மாத்திரை அட்டை தீராமலே பரணில் கிடந்தது. "மாத்திரை போட்டா புள்ள கறுப்பா பொறக்கும்னு அத்தை சொன்னாங்க." மலம் கறுப்பாகப் போனதும் அவளே பயந்துபோய் நிறுத்தியிருக்கிறாள். அரசு மருத்துவமனையில் இரும்பு ஊசி ஏற்றி, பிரசவம் வரை அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். குழந்தை 2.1 கிலோ. இரண்டரைக் கிலோ இருந்திருக்க வேண்டும்.

தலையில் எழுதினது என்று அந்த வீட்டில் சொன்னார்கள். ஒரு வீட்டில் சொன்னால் துக்கம் என்று விடலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்து ஒரே பாவத்தையா செய்துவிட்டு வந்தார்கள்?

கழுத்துக் கழலையின் கதையும் இதுதான். இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் ஊர் ஊராக அது இருந்தது. மழையும் பனியும் அந்த மலை மண்ணிலிருந்த அயோடினைக் கழுவிக்கொண்டு போய்விட்டிருந்தன. 1956இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் அங்கே அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். கொடுத்த பகுதிகளில் கழலை குறைந்தது. அதன் பலனாக 1962இல் தேசியத் திட்டம் வந்தது. அயோடின் இல்லாத தாய்க்குப் பிறக்கும் பிள்ளை செவிடாகவும் அறிவு வளராமலும் போகலாம். தலைமுறை தலைமுறையாகச் சாபம் என்று நினைத்ததை ஒரு சிட்டிகை உப்பு நீக்கியது.

முதுகெலும்பு மூடாத பிறவி ஊனமும் அப்படித்தான். கரு உருவான 28 நாளுக்குள் முதுகுத்தண்டு மூடிவிடும். பல பெண்களுக்கு அப்போது தாம் கர்ப்பம் என்பதே தெரியாது. அதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை எடுத்துக்கொண்டால் இந்தக் குறையில் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்று 1991இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியது. அந்த மாமியார் சொன்ன வினை, மருமகளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே யாரும் கொடுக்காமல் விட்ட ஒரு சின்ன மாத்திரையாகவே பெரும்பாலும் இருந்திருக்கும்.

நான் படித்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது சர்க்கரை நோயின் கதை. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை உணவு வரத்தை அடைத்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் விழுந்தது. அப்போது தாய் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்துப் பார்த்தபோது, அவர்கள் உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கத் திணறுவது தெரிந்தது. நம் நாட்டில் புனேயில் டாக்டர் யாக்னிக் குழுவினர் கிராமத்துப் பிள்ளைகளைப் பிறந்தவுடன் அளந்தார்கள். சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துப் பிள்ளைகளோ 3.5 கிலோ. நம் பிள்ளைகளிடம் தசையும் உள்ளுறுப்பும் குறைவு, தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. வயிற்றுக்குள் பட்டினி பார்த்த உடம்பு, கிடைப்பதைச் சேமித்து வைக்கப் பழகிக்கொண்டு பிறக்கிறது. பிறகு வெள்ளைச் சோறும் இனிப்பு டீயும் எண்ணெய்ப் பலகாரமும் வரும்போது அந்த உடம்பால் தாங்க முடிவதில்லை. மெலிந்த மனிதருக்கும் நாற்பது வயதிலேயே சுகர் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

இன்னொன்றும் உண்டு. பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. நம்மில் ஒவ்வொருவருக்கும் வித்தான முட்டை நம் அம்மாவைப் பெற்ற பாட்டியின் வயிற்றுக்குள் உருவானது. பாட்டி சாப்பிட்டதும் சாப்பிடாததும் நம்மோடு வருகின்றன.

ஆக, பிறப்பதற்கு முன்பே உடம்பில் ஒரு கணக்கு எழுதப்படுகிறது என்று பெரியவர்கள் சொன்னதை அறிவியலும் தன் வழியில் சொல்கிறது. ஆனால் அதை எழுதியது அந்தக் குழந்தை அல்ல. கடைசியாகச் சாப்பிடட்டும் என்று தாயை உட்கார வைத்த வீடு எழுதியது. பதினெட்டு வயதுக்கு முன்னால் தாலி கட்டிவிட்ட உறவு எழுதியது. அவள் உழைப்புக்குக் கூலியைக் குறைத்த முதலாளி எழுதியது. பார்த்தும் பேசாமல் இருந்த ஊர் எழுதியது. வினை உண்டு, அது நாம் செய்த வினை.

பழைய பழியை விட்டவர்களும் இன்று புதிய பழி ஒன்றைச் சொல்கிறார்கள். "வாயைக் கட்டத் தெரியலை, அதான் சுகர்." படித்தவர்கள் வாயிலிருந்து இது அதிகம் வருகிறது. 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் பெரிய ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்றும், அந்த வரம்புக்கு அருகில் நிற்பவர்கள் 13.6 கோடி என்றும் கணக்கிட்டது. இத்தனை கோடிப் பேருக்கும் ஒரே காலத்தில் ஒழுக்கம் கெட்டுவிட்டதா? எங்கள் பக்கத்தில் கம்பும் கேழ்வரகும் வரகும் விளைந்த கொல்லைகள் எங்கே போயின என்று முதலில் கேட்க வேண்டும். 2011 முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். அது பட்டினியை விரட்டியது, அதை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் பருப்பு குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோதான். ஐந்து பேர் வீட்டில் அது எத்தனை நாளைக்கு வரும்? தட்டில் சோறு மலையாகவும் பருப்பும் காயும் பேருக்கும் இருப்பது நாக்கின் குற்றமல்ல, பையில் இருக்கும் காசின் கணக்கு.

அதற்காக மனிதர் கையில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வினைக் கொள்கையை நான் புரிந்துகொண்டவரை, இன்று செய்வதும் வினைதான். தினம் அரை மணி நேரம் வேகமாக நடப்பது, சோற்றைக் குறைத்துக் காயையும் பயறையும் கூட்டுவது, சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுவது, பீடியை விடுவது ஆகியவை அவரவர் கையில் உள்ளவை. ஆனால் இதைச் செய்யும் வசதியை ஏற்படுத்தித் தராமல் "செய்யவில்லை" என்று குறை சொல்வது கருணை அல்ல.

வள்ளலார் வழி நிற்கும் எங்கள் சன்மார்க்கத்தாருக்கும் ஒரு சொல். நாம் புலால் உண்ணாதவர்கள். பி12 என்ற சத்து செடிகொடியில் கிடைக்காது. பால், தயிர், மோர் போதுமான அளவு சேர வேண்டும். அதுவும் முடியாதவர் மருத்துவர் சொல்படி மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். அது விரதத்துக்குக் குறைவல்ல. கால் மரத்துப்போய், ஞாபகம் தவறிப்போய்த் தவம் செய்ய முடியாது. அதே நேரம், முட்டை சாப்பிடும் வீட்டுக் குழந்தைக்குச் சத்துணவில் கிடைக்கும் முட்டையைத் தடுக்கும் உரிமை என் விரதத்துக்குக் கிடையாது. என் தட்டை நான் முடிவு செய்யலாம். ஏழைப் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்து என் புண்ணியத்தைச் சேர்க்கக் கூடாது. ஜீவகாருண்யம் என்று நான் கற்றது அது.

பள்ளிக்கூடத்தில் சோறு போட்டால் பிள்ளைகள் படிக்க வருவார்கள் என்று 1956இல் காமராஜர் தொடங்கியதும், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்ததும், 2022இல் வந்த காலை உணவும் என் பார்வையில் தருமச்சாலையின் வரிசையில் வருபவை. அரசு செய்தாலும் அடியார் செய்தாலும் அது அந்த அடுப்பின் வேலை.

அதனால் அன்னதானம் செய்யும் எல்லாரிடமும் என் கோரிக்கை இது. கோயில் அன்னதானக் கூடம், தைப்பூசப் பந்தல், தர்கா கந்தூரி, மாதா கோயில் அசனம், யார் செய்தாலும் இலையில் வெறும் சோறும் இனிப்பும் மட்டும் விழுந்தால் போதாது. சாம்பாரில் பருப்பு கெட்டியாக இருக்கட்டும். முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி சேரட்டும். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயறும் சுண்டலாக வரட்டும். கொல்லையில் விளைந்த கம்பு வாரம் ஒரு நாளாவது வேகட்டும். அயோடின் உப்பைத் தவிர வேறு உப்பு சமையலறைக்குள் வர வேண்டாம். எலுமிச்சைத் துண்டு ஒன்று வையுங்கள். கீரையிலிருக்கும் இரும்பை அது உடம்பில் சேர்க்கும். சுகர்க்காரர் கேட்டால் முகம் சுளிக்காமல் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டிப் போடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். வளரும் பெண்ணுக்கும் கர்ப்பிணிக்கும் முதல் இலை போடுங்கள். வாரம் ஒரு சத்து மாத்திரை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் பெண் அதை விழுங்குகிறாளா என்று பாருங்கள். கல்யாணம் நிச்சயமானதும் நகைக்கடைக்குப் போவதற்கு முன்னால் அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ரத்தம் பாருங்கள். முப்பது வயது தாண்டிய எல்லாரும் ஆண்டுக்கு ஒரு முறை சுகர் பாருங்கள். நோய் வந்தவரைப் பார்த்து "உன் வினை" என்று சொல்லாதீர்கள். அடுத்த தலைமுறையின் வினையை எழுதும் பொறுப்பு இன்று நம் கையில் இருக்கிறது, நல்லதாக எழுதுவோம்.