கையெழுத்து

வங்கியில் என் வேலையில் பெரும்பகுதி கையெழுத்துகளைப் பார்ப்பது. காசோலையில் இருப்பதும் எங்களிடம் பதிவாகியுள்ள மாதிரியும் ஒரே கையுடையவைதானா என்று தீர்மானிக்க வேண்டும். பதினோரு வருஷமாக இதையே செய்துவருகிறவனுக்கு மனிதனின் சம்மதம் என்பது தத்துவ விஷயமாக இல்லாமல் மையும் காகிதமுமாக ஆகிவிடுகிறது. அப்படிப்பட்ட நான் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருங்காட்டுக்கோட்டை மோட்டார் பந்தயப் பாதையில், ஒரு படிவத்தை வாசிக்காமலே கையெழுத்திட்டேன். எனக்கு என்ன நேர்ந்தாலும், மரணம் உட்பட, நடத்துபவர்கள் பொறுப்பில்லை என்பது அதன் சாரம். பிறகுதான் வாசித்தேன்.

அழைத்துப்போனவன் கல்லூரி நண்பன். போர்ஷே 911 வைத்திருக்கிறான். அன்று நடந்தது பந்தயமில்லை. 'ட்ராக் டே' என்கிறார்கள். கட்டணம் கட்டி, சொந்தக் காரை எடுத்துவந்து, முறைவைத்துப் பாதையில் ஓட்டிப் பார்ப்பது. பரிசு கிடையாது, முதலாமவன் கிடையாது. 3.7 கிலோமீட்டர் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறார்கள், மறுபடி கிளம்புகிறார்கள். நம்மவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். பணக்காரன் பொம்மை என்பார்கள். நானும் அந்த அபிப்பிராயத்தோடுதான் போனேன். ஆனால் பணத்தைப் பற்றிய கோபம் பணத்தோடு முடிந்துவிடுகிறது. இரண்டு லட்சம் ரூபாய் மோட்டார் சைக்கிளும் அதே வேலையைச் செய்யக் கூடியதுதான். வேகத்தைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

பந்தயப் பாதை என்கிற ஏற்பாடு எப்படி வந்தது என்பதைப் பார்த்தால் விஷயம் சற்றுத் தெளிவாகிறது. 1903 மே மாதம் பாரிஸிலிருந்து மாட்ரிட் வரை பொதுச் சாலைகளில் ஒரு பந்தயம் நடந்தது. ஓட்டியவர்களோடு வேடிக்கை பார்க்க வந்தவர்களும் செத்தார்கள். பிரெஞ்சு அரசாங்கம் அதை போர்தோவிலேயே நிறுத்திவிட்டது. நாலு வருஷம் கழித்து, 1907-ல், இங்கிலாந்தில் ப்ரூக்லண்ட்ஸ் திறக்கப்பட்டது. மோட்டார் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் பாதைகளில் ஒன்று அது. நம் ஊரில் இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சோழவரம் விமான ஓடுதளத்தில் பல வருஷங்கள் பந்தயங்கள் நடந்தன. இருங்காட்டுக்கோட்டைப் பாதை 1990-ல் வந்தது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு, மாநில அரசின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதைக் குற்றமாக்குகிறது. வேகத்தை ஒழித்துவிட முடியாது என்று கண்டவர்கள், சம்மதித்தவர்களை மட்டும் ஒரு வேலிக்குள் பிரித்து வைத்தார்கள். பந்தயப் பாதைக்கு ஒரு தார்மீக அர்த்தம் உண்டென்றால் அது இந்த வேலிதான்.

வேலிக்குள் இருக்கிற ஒழுங்கு எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஹெல்மெட் போட்டாயிற்றா, டயரில் காற்று சரியா, இழுத்துச்செல்லக் கொக்கி மாட்டியாயிற்றா என்று பார்த்தார்கள். மஞ்சள் கொடி என்றால் வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. ஆம்புலன்ஸ் முதலிலேயே வந்து காத்திருந்தது. நண்பன் வேகத்தைப் பற்றிப் பேசவேயில்லை. பேசியதெல்லாம் பிரேக்கைப் பற்றி. டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு ஒரே கணக்கில் இருக்கிற இருப்பு மாதிரி. பிரேக்குக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், வளைவதற்கும் அதிலிருந்துதான். முழுவதையும் பிரேக்குக்கே செலவழித்தவனுக்கு ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஒன்றும் மிச்சமிருக்காது. இந்தக் காரின் என்ஜின் பின்அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் சரியும், பின்பக்கம் பிடிப்பிழந்து சுழலப் பார்க்கும். இப்போது மின்னணுச் சாதனங்கள் பெருமளவு காப்பாற்றிவிடுகின்றன. சுபாவம் மாறவில்லை. இவ்வளவும் தெரிந்தவன் சில சுற்றுகளுக்குப் பிறகு தானாகவே மெதுவாகப் போக ஆரம்பித்தான். பிரேக் எண்ணெய் கொதித்தால் பெடல் தரைவரை போய்விடுமாம். ஆறவிட வேண்டும் என்றான். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் இன்ஷூரன்ஸ் பாலிசி பொருந்தாது. கார் நொறுங்கினால் நஷ்டம் அவனுடையது. தவறின் விலையைத் தவறு செய்கிறவனே கொடுப்பதாக ஏற்பாடு செய்யப்பட்ட இடங்கள் உலகத்தில் அதிகமில்லை.

நேர்பாதையில் வேகம் 200-ஐ நெருங்கியது. விநாடிக்கு ஐம்பத்தைந்து மீட்டர். நான் பயந்தேன் என்று எழுதினால் சௌகரியமாக இருக்கும். உண்மையில் பயம் முதல் சுற்றோடு போய்விட்டது. பிறகு இருந்தது சந்தோஷம். வெகு நாளாக எந்தப் புத்தகமும் தராத சந்தோஷம். இதை ஒப்புக்கொள்ளாமல் மேலே எழுதுவது மோசடி.

திங்கட்கிழமை காலை கவுண்டருக்கு அந்த அம்மாள் வந்தாள். மாதந்தோறும் வருகிறவள். சைக்கிளில் போய்க்கொண்டிருந்த புருஷனை ஒரு கார் அடித்துவிட்டது. நஷ்டஈட்டுத் தொகை, உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி, எங்கள் கிளையில் டெபாசிட்டாக இருக்கிறது. பிள்ளைகள் பங்கை அவர்கள் மேஜராகும்வரை தொட முடியாது. வட்டி மட்டும் அவள் கணக்குக்கு வரும். எழுதத் தெரியாது. இடது கைப் பெருவிரலை நான்தான் மை ஒற்றியில் பதிய வைத்துப் படிவத்தில் அழுத்துவேன். அன்று அந்த விரலைப் பிடித்திருந்தபோது, முந்தின நாள் நான் போட்ட கையெழுத்து ஞாபகம் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் சம்மதத்தை முன்னால் கேட்டார்கள். இவளிடம் எல்லாம் முடிந்த பிறகு ரேகை வாங்குகிறோம்.

2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். பத்தில் ஏழு சாவுக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில் அரசாங்கமே எழுதியிருக்கிறது. அவர்களில் தன் வேகத்தால் செத்தவனும் உண்டு, பிறர் வேகத்தால் செத்தவனும் உண்டு. அட்டவணை அவர்களை இப்படிப் பிரிப்பதில்லை. தார்மீகம் பிரித்தாக வேண்டும். அபாயத்தை விரும்புகிறவன் குற்றவாளியல்ல. அபாயத்தில் பிறனையும் பங்குதாரனாக, அவனுக்குத் தெரியாமல், சேர்த்துக்கொள்கிறவன்தான் குற்றவாளி.

நவீன இலக்கியமே இந்த இடத்தில் ஒரு சாட்சி. 1909 பிப்ரவரியில் பாரிஸின் 'லெ ஃபிகாரோ'வில் மாரினெட்டி வெளியிட்ட ஃப்யூச்சரிஸ அறிக்கையைப் பந்தயக் காரின் அழகுக்காகத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறோம். அதே அறிக்கையில் அவர் கார் ஒரு பள்ளத்தில் கவிழ்கிறது. எதிரே இரண்டு சைக்கிள்காரர்கள் வந்ததுதான் காரணம். பள்ளத்திலிருந்து ஒரு இயக்கமே எழுந்து வருகிறது. சைக்கிள்காரர்களுக்கு அறிக்கையில் அந்த எரிச்சலுக்கு மேல் இடமில்லை. காரில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குச் சைக்கிள் எப்போதும் குறுக்கே வந்ததுதான்.

பந்தயப் பாதைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம் ஒன்று உண்டு. இங்கே வேகத்தைத் தீர்த்துக்கொண்டால் சாலையில் சாந்தமாகப் போவார்கள் என்பது. பி.ஏ. வகுப்பில் அரிஸ்டாட்டில் பெயரால் படித்த கதார்ஸிஸ்தான் இது, ஹெல்மெட் போட்டுக்கொண்டு. திரும்பிவரும்போது இதைப் பரிசோதிக்க வாய்ப்பு கிடைத்தது. நண்பன் பெங்களூர் நெடுஞ்சாலையில் எழுபதிலேயே வந்தான். சமர்த்தாக வந்தான். பூந்தமல்லிக்கு முன்னால் ஒரு லாரி வழிவிடாமல் ஊர்ந்தது. அரை நிமிஷம் பொறுத்தான். பிறகு இடது பக்கமாக ஒரே பாய்ச்சல். ஓரத்தில் யாராவது நடந்துகொண்டிருந்தார்களா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை என்பதைத்தான் சொல்ல வேண்டும். எனக்குள் அப்போது எழுந்தது கண்டனமல்ல. காலையில் கிடைத்த அதே சந்தோஷம். தீர்ந்துபோகவில்லை, பழகிவிட்டிருந்தது. வேலி பாதையைச் சுற்றித்தான் இருக்கிறது. ஆசை வெளியே வரும்போது அதையும் கூட எடுத்து வருவதில்லை.

ஆகவே கையெழுத்து எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிறது என்று நான் வாதிக்க மாட்டேன். அந்தப் படிவத்தில் என் மனைவி கையெழுத்திடவில்லை. இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். காரில் உட்காரப்போவதைச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் அந்த அம்மாளை எழுதியிருக்கிறேன். அடையாளம் தெரியாதபடி எழுதியிருந்தாலும், அவளைக் கேட்கவில்லை. எழுத்தில் அபாயத்தை மேற்கொள்ள வேண்டும் என்று நாம் ஒருவருக்கொருவர் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். யாருடைய அபாயம் என்றும் சில சமயம் கேட்டுக்கொள்ளலாம்.

நண்பன் அடுத்த முறைக்கும் அழைத்திருக்கிறான். போவேன் என்றுதான் நினைக்கிறேன். படிவத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுவேன், வீட்டில் சொல்லிவிட்டுப் போவேன். திரும்பும்போது பஸ்ஸில் வந்துவிடுவதாக அவனிடம் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டான். பதில் சொல்லவில்லை, இந்தப் பத்திரிகை வந்ததும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும்.