களாப் புதரடியில் ஒரு கள்ளிமுளையான்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், ஒரகடத்தை அடுத்த பாறை மேடொன்றில், களாப் புதரின் முட்களுக்கு அடியில் அதனைக் கண்டோம். சாண் உயரம், சுண்டுவிரல் பருமன், நான்கு பட்டையாய் எழுந்த சாம்பற்பச்சைத் தண்டுகள். இலை என்று சொல்ல ஒன்றுமில்லை. நுனியில் மட்டும் கருஞ்சிவப்பு விண்மீன்களாய்ச் சில பூக்கள். ஐந்து இதழ்களின் ஓரத்திலும் நுண்மயிர்கள் காற்றில் நடுங்கின. தேனீ நாடும் மலரன்று. ஈக்களே இதன் விருந்தினர்.

கள்ளிமுளையான் என்பர் சிற்றூர் மக்கள். தோற்றத்தில் கள்ளி, பிறப்பால் எருக்கின் உறவு. சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்தேறியது; இதுவோ இம்மண்ணுக்கே உரியது. வில்லியம் ராக்ஸ்பர்க் 1795-இல் சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலில் இதனையும் படத்துடன் பதிவுசெய்தார்.

ஆடு மேய்ப்போர் பசி தணிய இதன் தண்டை ஒடித்து மென்றனர். பெண்கள் துவையல் அரைத்தனர். இன்றோ இதன் சாறு, உணவு மிகுந்தோர் பசியை அடக்கிக்கொள்ளும் மாத்திரையாக அயல்நாடுகளிலும் விலைபோகிறது. (உடல் இளைக்கும் என்பதற்குச் சான்று வலுவாக இல்லை.) பயனுக்காகப் பறிக்கப்பட்டும், பயனற்ற தரிசு என்று அதன் நிலம் சமன்செய்யப்பட்டும், இருவழியிலும் இச்செடி அருகி வருகிறது.

ஆலைகளை நாம் பழிக்கவில்லை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதல், இப்பகுதியின் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவது அவற்றின் ஊதியத்தால்தான். ஆனால் பயன் ஒன்றே அளவுகோல் என்றால், அது செடியோடு நின்றுவிடுமா? 2006-இல் திருப்பெரும்புதூரில் திறந்த நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டபோது, முந்தைய நாள்வரை தேவைப்பட்ட ஆயிரக்கணக்கான இளம் கைகள் தேவையற்றவை ஆயின. பெரும்பாலோர் முப்பதைத் தாண்டாதவர்கள். தரிசு என்னும் சொல் நிலத்தைவிட்டு மனிதர்மேல் ஏறும் விரைவைக் கண்டு அன்று அஞ்சினோம்.

ஒவ்வோர் உயிரினத்துக்கும் பயனைக் கடந்த தன் மதிப்பு உண்டு எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதினார். படிக்கையில் எளிதாகத் தலையசைத்தோம். பாறை மேட்டில் நின்றபோது அவ்வளவு எளிதாக இல்லை. பத்தடி தொலைவில் எல்லைக்கல் நட்டிருந்தது. விட்டுச் சென்றால் மண்வெட்டி இயந்திரம் வரும். பெயர்த்து எடுத்தால் அதுவும் ஒருவகைப் பறித்தல்தானே!

இரண்டு தண்டுகளை மட்டும் ஒடித்து வந்து தொட்டியில் நட்டோம். வேர் பிடித்துவிட்டது. ஆயினும் களாவின் நிழலும் அந்த ஈக்களும் இல்லாத இடத்தில் அதனைக் காப்பாற்றிவிட்டதாகக் கணக்கெழுத மனம் துணியவில்லை. நாம் விட்டு வந்தபோது தாய்ச்செடி அம்மேட்டில் இன்னும் பூத்துக்கொண்டிருந்தது.